தூறலில் நாம் ஒத்துப்போனோம்

அண்ணாச்சி,

என் மேசைமேல் ஒரு பிலிம் துண்டு கிடக்கிறது. தபால்தலை அளவுதான் இருக்கும். உங்கள் மகள் கோமதி கொடுத்துவிட்டுப் போனது. முதலில் இளமஞ்சளாக இருந்ததாம். கதிர்வீச்சு பட்ட இடம் மட்டும் கரும்பச்சையாகியிருக்கிறது. கதிர் பட்டது கண்ணிமைக்கும் நேரம்தான், ஆனால் நிறம் ஊறி நிலைக்க ஒரு நாள் பிடிக்குமாம். மறுநாள் காலையில்தான் அதை அளந்து, எவ்வளவு கதிர் விழுந்தது என்று சொல்ல முடியுமாம்.

கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது. அவள்மேல் இல்லை, உங்கள்மேல். எல்லாம் நின்ற பிறகு, மறுநாள் காலையில் காபியைக் குடித்துவிட்டு நிதானமாக அளந்து பார்ப்பது யாருடைய வழக்கம்? செத்த பிறகும் மகளை அனுப்பி வாதாடுகிற மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அவள் வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்தது அம்மாவைப் பார்க்கத்தான். ஆனால் இந்த முறை என்னையும் ஒரு வேலையாக எழுதிக்கொண்டு வந்திருந்தாள். எனக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே, ஆண்களுக்கு மட்டும் இருக்கிற அந்தச் சுரப்பியில் கட்டி. புதுச்சேரி டாக்டர், இந்த வயதில் கத்தி வேண்டாம், கதிர் வைத்தால் போதும், இப்போதே வைத்தால் குணமாக நல்ல வாய்ப்பு, விட்டால் எலும்புக்குப் போகும் என்றார். முடியாது என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரி அஞ்சலை என் முகத்தைக் கூடப் பார்க்கவில்லை. நேராகப் போனை எடுத்துக் கோமதியைக் கூப்பிட்டுவிட்டாள்.

நான் முடியாது என்றது பயத்தால் அல்ல. ஒரு கருவி, இவ்வளவு கதிர் இந்த மனிதனுக்குள் போனது என்று சொல்லும். அந்தக் கருவி சொல்வது சரியென்று யார் சொல்வது? மைன்ஸுக்குள் ஒப்பந்தக் கூலியாக மண்வெட்டியோடு நுழைந்தவன் நான். இன்ஸ்ட்ருமெண்ட் ஷாப்பில், கருவிகளோடு வந்த கையேடுகளை அகராதியை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்து வேலை கற்றவன். சோதித்துப் பார்க்காத மீட்டரை நம்பி ஒரு நாளும் ஒரு கையெழுத்துப் போட்டதில்லை. பெர்மனன்ட் ஆன பிறகும் என்னை ஹெல்பர் என்றே கூப்பிட்டார்கள் என்பது வேறு கதை. அதை உங்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். நீங்களும் பலமுறை கேட்டுக்கொண்டே தூங்கியிருக்கிறீர்கள்.

நீங்கள் பம்பு செக்‌ஷன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, சுரங்கக் குழிக்குள் இறங்கும் தண்ணீரை வெளியே தள்ளியே காலத்தைக் கழித்தவர். மழை எவ்வளவு என்பது உங்களுக்குப் பொழுதுபோக்கு அல்ல, பிழைப்பு. குவார்ட்டர்ஸைக் காலி செய்து டவுன்ஷிப்புக்கு வெளியே இருவரும் அடுத்தடுத்து வீடு கட்டினோம். நடுவில் ஒரே காம்பவுண்டு சுவர். ஓய்வுபெற்ற இருவருக்கும் அளப்பதற்கு வேறொன்றும் இல்லாததால், மழையை அளந்தோம்.

என் மழைமானியை நான் எப்படிச் செய்தேன் என்பதை இங்கே ஒருமுறை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் ஒரு நாளும் முழுதாகக் கேட்டதில்லை. ஊஞ்சல் பலகை போல நடுவில் அச்சு. இரண்டு பக்கமும் தகட்டில் மடித்த சின்னக் கிண்ணம். மேலே புனலிலிருந்து விழும் தண்ணீர் ஒரு கிண்ணத்தை நிரப்பும். நிரம்பியதும் அது சாய்ந்து கொட்டிவிடும். மறுகிண்ணம் புனலுக்குக் கீழே வந்து நிற்கும். ஒவ்வொரு சாய்வுக்கும் ஒரு டிக். எண்ணுவதற்குப் பழைய கால்குலேட்டர். ஒன்றும் கூட்டலும் போட்டுவிட்டுச் சமக்குறியை அழுத்த அழுத்த எண்ணிக்கை ஏறும் அல்லவா? அந்தப் பொத்தானுக்கு ஒயர் பற்றவைத்து, ஊஞ்சலில் ஒட்டிய காந்தம் பக்கத்தில் வந்தால் மூடும் சுவிட்சில் சேர்த்தேன். யாரும் சொல்லித்தரவில்லை. கட்டிலில் படுத்தபடியே டிக் சத்தத்தைக் கேட்டு, இப்போது மழை வலுக்கிறது, இப்போது விடுகிறது என்று அஞ்சலைக்குச் சொல்வேன். "சன்னல தெறந்தா எனக்கே தெரியுது," என்பாள்.

உங்கள் மழைமானி ஓர் எவர்சில்வர் தூக்கு. அதற்குள் விட்டுப் பார்க்க ஒரு ஸ்கேல். அவ்வளவுதான்.

காலையில் சுவருக்கு இந்தப்பக்கம் நான், அந்தப்பக்கம் நீங்கள். அளவைச் சொல்லிக்கொள்வோம். ஒரே அளவாக இருக்கும். இருவருக்கும் முகம் சுருங்கிவிடும். ஐப்பசித் தூறல், ஆடியில் திடீரென்று வந்து போகும் சாரல், எதிலும் வித்தியாசமே வராது. "ஒத்த அளவு வாங்கதுக்கு ரெண்டு கருவி எதுக்குவே? உம்மத பிரிச்சுப் போட்டுட்டு என் தூக்க வந்து பாத்துக்கிடும்," என்பீர்கள். "உங்க தூக்குல சாம்பார் ஊத்திக்குங்க," என்பேன் நான்.

பிறகு அந்தப் புயல் வந்தது.

விடிந்தபோது கரண்ட் இல்லை. உங்கள் பலாமரம் சுவரை இடித்துக்கொண்டு என் பக்கம் விழுந்து கிடந்தது. தெருவே மரத்தை வெட்டிக்கொண்டிருக்க, நாம் இருவரும் நேராக அளவு பார்க்கப் போனோம்.

"எவ்ளோங்க அண்ணாச்சி?"

"மொதல்ல நீரு சொல்லும்."

"நீங்க பெரியவரு, நீங்க சொல்லுங்க."

"என்னவே, உம்ம கால்குலேட்டரு செத்துட்டா?"

சாகவில்லை. சொன்னேன். நீங்கள் உங்கள் ஸ்கேலைப் பார்த்தீர்கள், வானத்தைப் பார்த்தீர்கள், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். உங்கள் தூக்கில் என் கணக்கைவிடக் கணிசமாக அதிகம் இருந்தது.

"மரத்துலேருந்து சொட்டுனதெல்லாம் உங்க தூக்குல வுழுந்திருக்கும்ங்க."

"மரம் கெடக்கது உம்ம பக்கம்வே. சொட்டுனா உம்ம பொட்டியிலல்லா சொட்டணும்? நான் சொல்லுதேன் கேளும். உம்ம ஊஞ்சலு ஒருபக்கம் கொட்டிட்டு மறுபக்கம் வாரதுக்குள்ள விழுந்த தண்ணிய எவன் எண்ணுவான்? தூறல்னா பொறுத்துக் கெடக்கும். இது புயலு. கொட்டு கொட்டுன்னு கொட்டுது, உம்ம ஊஞ்சலு ஆடியே களைச்சுப் போச்சு."

"நின்னப்புறம் எவ்ளோன்னு சொல்றது ஒரு அளவாங்க? எப்ப வலுத்துச்சு, எப்ப விட்டுச்சுன்னு உங்க தூக்கு சொல்லுமா?"

"சொல்லாது. பொய்யும் சொல்லாது."

அஞ்சலை அரிவாளோடு வந்து நின்றாள். "மரம் சொவத்த ஒடச்சிகினு கெடக்குது. ரெண்டு பேரும் மழத்தண்ணிக்குப் பஞ்சாயத்து பண்ணிகினு நிக்கிறீங்களே, ஆளுக்கொரு கெளய வெட்டுனா இன்னா?"

வெட்டினோம். ஆனால் பேச்சு நின்றுபோனது. சுவர் இருந்திருந்தால் பேசாமல் இருப்பது சுலபம். அது இடிந்து கிடந்ததால் முகத்துக்கு நேராகப் பேசாமல் இருக்க வேண்டியதாயிற்று. நீங்கள் காபி குடிப்பது எனக்குத் தெரியும், நான் பல் துலக்குவது உங்களுக்குத் தெரியும். இருவரும் கொத்தனாரை அவசரப்படுத்தினோம்.

ஒரு நாள் நீங்கள் அந்த இடிந்த இடத்தில் வந்து நின்றீர்கள். கையில் டாக்டர் சீட்டு. "வேய், தொண்டையில கட்டியாம். கதிர் வைக்கணுங்கான். புதுச்சேரிக்கு ஒத்தையில போவ என்னமோ போல இருக்கு. சண்டைய வந்து வச்சுக்கிடுவமா?"

அந்தப் பயணங்கள் முழுவதும் சண்டையைப் பஸ்ஸில்தான் வைத்துக்கொண்டோம். பண்ருட்டியில் உட்கார இடம் கிடைக்கும். மேல்பட்டாம்பாக்கம் வருவதற்குள் முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்துவிடுவார்.

மருத்துவமனையில் கதிரின் அளவைப் பார்த்துக்கொள்கிற பையன் ஒருவன் இருந்தான். உங்கள் முகத்துக்கு வலைபோல ஒரு முகமூடி வார்த்துவைத்திருந்தார்கள், தலை அசையாமல் இருக்க. அதைப் போடுவதற்கு முன்னால் நான் அவனைப் பிடித்துக்கொண்டேன்.

"தம்பி, இந்த மெஷின் குடுக்குற அளவு சரின்னு யாரு பாத்தது?"

"தினமும் காலையில நாங்க செக் பண்றோம் சார்."

"எத வச்சி?"

"அதுக்குன்னு சின்னதா ஒரு காத்தறை இருக்கு சார். அதுல வர்ற மின்சாரத்தை வச்சு அளப்போம்."

"அந்த அறை சரின்னு யாரு பாத்தது?"

"அதை வேறொரு லேபுக்கு அனுப்பி சரிபார்ப்போம்."

"அந்த லேப் சரின்னு?"

மேசையில் படுத்திருந்த நீங்கள் எழுந்து உட்கார்ந்துவிட்டீர்கள். "வேய், விடும்வே! நீரு கேக்கக் கேக்க அந்தப் பையன் கடவுள் வரைக்கும் போயிருவான் போலிருக்கு. படுத்துக் கெடக்கது நானு, எனக்கே இவ்வளவு சந்தேகம் இல்ல."

கட்டி கரைந்தது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கட்டிக்குப் பக்கத்தில் இருந்த எச்சில் சுரப்பியும் காய்ந்துபோனது. எங்கே போனாலும் கையில் தண்ணீர் பாட்டில். உங்கள் வீட்டில் தேங்காய்ப்பால் ஊற்றிச் செய்யும் சொதி, மண் மாதிரி இருக்கிறது என்று தட்டைத் தள்ளி வைத்தீர்கள். "ஒரு வாய் தண்ணி குடிக்காம ஒரு வார்த்த பேச முடியல. உமக்கு நல்ல காலம்வே," என்றீர்கள். நீங்கள் தண்ணீர் குடித்து முடிக்கும்வரை நான் அடுத்த வாதத்தைத் தொடங்காமல் காத்திருப்பேன். யாருக்காகவும் நான் அப்படிக் காத்திருந்ததில்லை. அப்புறம் சில வருஷம் இருந்தீர்கள். ஒரு நாள் தூக்கத்திலேயே நெஞ்சு நின்று போய்விட்டீர்கள், புயல் வழக்கு முடியாமலே.

இப்போது கோமதிக்கு வருகிறேன். வந்த மறுநாளே என் எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

"மாமா, ஏன் முடியாதுன்னீங்க?"

"அளவு சரின்னு எனக்குத் தெரியணும்."

"நான் செய்யற வேலையே அதுதான். கேக்குறீங்களா?"

கேட்டேன். அவர்கள் ஆய்வுக்கூடத்தில், மருத்துவமனையில் நிமிடக்கணக்கில் கொடுக்கிற கதிரை ஒரு நொடியின் சின்னத் துணுக்குக்குள் கொடுத்துப் பார்க்கிறார்களாம். அப்படி ஒரே வீச்சில் கொடுத்தால் கட்டிக்கு விழவேண்டிய அடி விழுகிறது, பக்கத்தில் இருக்கிற நல்ல சதைக்குச் சேதம் குறைகிறது என்று விலங்குகளில் தெரிகிறதாம். மனிதருக்குச் சாதாரணமாகக் கொடுக்க இன்னும் வெகுதூரம், இது ஆராய்ச்சிதான் என்றாள்.

"அப்ப உங்க அப்பாவோட எச்சிலு?"

"அதுக்காகத்தான் மாமா நான் இதுக்குள்ள போனேன்."

பையிலிருந்து இந்தப் பிலிம் துண்டை எடுத்து என் மேசைமேல் வைத்தாள். பிறகு அவளே தொடங்கினாள்.

"ஆனா அளக்குறதுதான் பெரிய பாடு. கதிர் போனா, அளக்குற காத்தறையில இருக்கிற காத்து பிளஸ்ஸும் மைனஸுமா பிரியும். ரெண்டு பக்கமும் தகடு, ஆளுக்கொண்ணை இழுத்து எண்ணும். மெதுவா வந்தா ஏறக்குறைய எல்லாத்தையும் எண்ணிடும். எல்லாம் ஒரே நேரத்துல வந்து குவிஞ்சா, தகட்டுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள பிளஸ்ஸும் மைனஸும் மறுபடி ஒண்ணா சேர்ந்துடும். சேர்ந்தது கணக்குல வராது. மீட்டர் கம்மியா காட்டும்."

எங்கே வருகிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அவள் என்னைப் பார்க்கவில்லை. கொல்லைப்பக்கம், என் மழைமானி இருக்கிற இடத்தைப் பார்த்தாள்.

"உங்க அப்பா எழுதிக் குடுத்துட்டுப் போனாராம்மா?"

"இல்ல மாமா. எல்லா லேப்லயும் இதே தலைவலிதான்."

"கம்மியா காட்டுனா காட்டட்டுமே. எலிக்கு நல்லாயிருக்குதான்னு பாத்தா போதாதா?"

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "போதாது. நல்ல சதை தப்பிச்சுதுன்னு வைங்க. வேகமா குடுத்ததால தப்பிச்சுதா, இல்ல நாங்க நினைச்சதைவிடக் கம்மியா குடுத்துட்டோமா? அளவுல தப்பு இருந்தா ரெண்டுல எதுன்னே சொல்ல முடியாது. கம்மின்னு காட்டுதேன்னு இன்னும் கூட்டிக் குடுத்தா, நாளைக்கு ஒரு மனுஷன் அதுல படுக்கும்போது என்ன ஆகும்? அளவு தப்புன்னா எங்க ஆராய்ச்சியே தப்பு மாமா."

அண்ணாச்சி, அளவு விஷயத்தில் ஒருவர் பேசி நான் தலையாட்டியது அதுதான் முதல்முறை. உங்கள் பிள்ளை என்றாலும் தலையாட்டினேன்.

"அப்ப இந்தப் பிலிமு போதும்ன்ற. மறுநாள் பாத்தாலும் பொய் சொல்லாது."

"பிலிம் எவ்வளவு வேகமா வந்தாலும் அசராது. ஆனா மறுநாள்தானே சொல்லும்? கதிர் ஓடிக்கிட்டிருக்கும்போதே சொன்னாத்தான் நிறுத்த முடியும். எப்ப எவ்வளவு வந்துதுன்னும் தெரியணும். அதனால உடனே சொல்ற கருவியும் வேணும். தகடு ரெண்டையும் ரொம்ப நெருக்கமா வச்சுப் பாக்குறோம். அதுல வர்றதையும் பிலிம்ல வர்றதையும் ஒத்துப் பாத்துகிட்டே இருக்கோம்."

"பாத்தியா! உடனே சொல்றதும் வேணும்! இத உங்க அப்பா கடசி வரைக்கும் ஒத்துக்கவே இல்ல."

"தூக்கும் வேணும்னு நீங்க ஒத்துக்கிட்டீங்களா?"

உங்கள் மூக்கு, உங்கள் கேள்வி. நான் பேச்சை மாற்றினேன். பல வருஷமாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

"என் பொட்டியப் பத்தி அவரு உங்கிட்ட ஏதாச்சும் சொன்னதுண்டாம்மா?"

"சொல்லியிருக்காங்க மாமா."

"இன்னா சொன்னாரு?"

"புயலுக்குத் தப்புன்னு."

"வேற?"

அவள் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். "வேற ஒண்ணும் இல்ல மாமா."

மரியாதைக்காவது ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நீங்கள் வளர்த்த விதம் அப்படி.

அப்புறம்தான் அவள் என்னை மடக்கினாள்.

"சரி, தூறல்ல உங்க பொட்டியும் அப்பா தூக்கும் என்ன காட்டும்?"

"ஒண்ணா காட்டும்."

"எப்பவுமா?"

"எப்பவும்தான். அதுக்கு இந்தத் தெருவே சாட்சி."

"ஆஸ்பத்திரியில உங்களுக்குக் குடுக்கப்போறது தூறல் மாமா. வாரக்கணக்கா, தினம் கொஞ்சம் கொஞ்சமா. நான் அளக்க முடியாம கஷ்டப்படுறதுதான் புயல். இப்ப நீங்களே சொல்லுங்க. உங்க பொட்டி புயல்லயும் சரின்னா, ஆஸ்பத்திரி மீட்டரும் சரிதான். உங்க பொட்டி புயல்ல மட்டும் தப்புன்னா, அப்பவும் ஆஸ்பத்திரி மீட்டர் சரிதான். எந்தப் பக்கம் நின்னாலும் நீங்க போய்த்தான் ஆகணும்."

சமையலறையிலிருந்து அஞ்சலையின் குரல் வந்தது: "அப்புடிக் கேளு கண்ணு! சந்து பொந்து எல்லாத்தையும் அடச்சிட்டுக் கேளு!"

மூன்றாவது பக்கம் ஒன்று இருக்கிறதா என்று தேடினேன். சாப்பிடும்போது தேடினேன், குளிக்கும்போது தேடினேன். கோமதி ஊருக்குக் கிளம்பும் அன்றும் தேடிக்கொண்டிருந்தேன். இல்லை. போகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆனால் ஒன்றை இங்கே தெளிவாகச் சொல்கிறேன்: புயல் மழை விஷயத்தில் என் நிலை மாறவில்லை. மரத்திலிருந்து சொட்டியதுதான்.

புதுச்சேரியில் என் வைத்தியம் உங்களுடையதைப் போல இல்லை. மெஷினுக்குள் போவதற்கு முன்னால் தண்ணீர் குடித்து அடக்கிக்கொள்ள வேண்டும். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் குடல் தள்ளி நிற்குமாம், அதன்மேல் கதிர் படாதாம். வாழ்க்கை முழுக்க மற்றவற்றை அளந்தவன், இப்போது நானே பாத்திரம். குடித்துவிட்டு நடந்தேன். டெக்னீசியன் பையன் வயிற்றின் மேல் ஸ்கேன் வைத்துப் பார்த்தான்.

"இன்னும் ரொம்பலீங்க ஐயா."

"ரொம்பிடுச்சிப்பா. எனக்குத் தெரியாதா?"

"ஸ்கேன்ல காட்டலீங்க ஐயா. இன்னும் கொஞ்சம் குடிச்சிட்டு நடங்க."

குடித்தேன். நடந்தேன். மறுபடி வைத்துப் பார்த்தான்.

"இப்ப அதிகமாயிடுச்சுங்க ஐயா. பாதி விட்டுட்டு வாங்க."

"பாதின்னா எவ்ளோப்பா?"

"ஒரு பாதிதாங்க ஐயா."

இவ்வளவு பெரிய மருத்துவமனையில் அந்தப் பாதியை அளக்க ஒரு கருவி இல்லை. நான் என் மதிப்பில் விட்டுவிட்டு வந்தேன். சரியாக இருக்கிறது என்றான். இதை ஏன் எழுதுகிறேன் என்று உங்களுக்குத் தெரியும்.

இன்னொன்றும் கேட்டேன். மைன்ஸில் ஓர் ஆள் மெஷினுக்குள் இறங்கினால், சுவிட்சை அணைத்துத் தன் பெயர் எழுதிய டேகை அதில் மாட்டிவிட்டுத்தான் இறங்குவான். அவனே வந்து கழற்றும்வரை யாரும் போடக்கூடாது. இங்கே என்னை உள்ளே படுக்கவைத்துவிட்டு, வெளியே போய் சுவிட்சைப் போடுகிறார்கள். "என் டேக எங்கப்பா மாட்டறது?" என்றேன். அவன் கொஞ்சம் யோசித்து, என் பெயர் ஒட்டிய அட்டையை எடுத்துக் கதவுக்கு வெளியே செருகினான். "போதுங்களா ஐயா?" நல்ல பிள்ளை.

கனத்த அந்தக் கதவு மூடியது. மெஷினின் தலை என்னைச் சுற்ற ஆரம்பித்தது. இன்று காலை யார் செக் பண்ணினார்கள் என்று கேட்காமலே படுத்துவிட்டோமே என்று அப்போதுதான் உறைத்தது. கையைத் தூக்கி நிறுத்தச் சொல்லலாம் என்று நினைத்தேன். "அசையாதேயும்வே," என்றீர்கள் நீங்கள். "எடம் மாறிப் போச்சுன்னா எவ்வளவு சரியா அளந்து குடுத்தும் ஒரு பிரயோசனமும் இல்ல."

நீங்கள் போன பிறகு என்னை மறுத்துப் பேச யாருமில்லை. எல்லாரும், வயசாகிவிட்டது என்று ஒத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அது எவ்வளவு பெரிய அவமானம் என்று அவர்களுக்குத் தெரியாது. அதனால் உங்கள் பங்கையும் நானே பேசிக்கொள்கிறேன், உங்கள் ஊர்ப் பேச்சிலேயே. பஸ்ஸில், கடையில், மீட்டர் பார்க்க வருகிறவனிடம் நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே நீங்கள் குறுக்கே விழுந்துவிடுகிறீர்கள். இன்னும் மோசம், பாதிநாள் நீங்கள்தான் ஜெயிக்கிறீர்கள்.

அசையாமல் படுத்திருந்தேன். பதிலும் சொல்லவில்லை. இதைத் தோல்வி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உள்ளே பேசினால் உடம்பு அசையும் என்று சொல்லியிருந்தார்கள். கதவு திறந்ததும், கீழே இறங்குவதற்கு முன்னாலேயே, உங்களுக்குச் சொல்லவேண்டியதைச் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

டெக்னீசியன் பையன் பயந்துபோய், "யார்கிட்டங்க ஐயா பேசுறீங்க?" என்றான்.

"பக்கத்து வூட்டுக்காருகிட்டப்பா," என்றேன்.